மின்வாகன பேட்டரியில் எஞ்சிய ஆற்றலை இயந்திரக் கற்றலால் மதிப்பிடும் முறை

பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மிதவை இருந்தால் போதும், எவ்வளவு மீதம் என்று அது காட்டிவிடும். லித்தியம் அயனி மின்கலத்துக்குள் அப்படி எதையும் பொருத்திப் பார்க்க வழியில்லை. வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து நம்மால் அளக்க முடிந்தவை முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம், பாயும் மின்னோட்டம், மேற்பரப்பின் வெப்பநிலை ஆகிய மூன்றுதான். இம்மூன்றிலிருந்தே எஞ்சிய ஆற்றலைக் கணித்தறிய வேண்டும். பைதான் மொழியில் ஓரளவு பழக்கமும் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் உள்ள ஒருவர், பொதுவில் கிடைக்கும் ஆய்வகத் தரவைக் கொண்டு இந்தக் கணிப்பைத் தாமே எப்படிச் செய்து பார்க்கலாம் என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். எந்த நரம்பியல் வலையமைப்பை, அதாவது தரவிலிருந்து தொடர்புகளைக் கற்கும் எந்தக் கணிப்பு மாதிரியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில்தான் புதியவர்கள் பெரும்பாலான நேரத்தைச் செலவிடுகிறார்கள். மதிப்பிடப்படும் பொருளைச் சரியாக வரையறுப்பதும், மாதிரியை நேர்மையாகச் சோதிப்பதும் அதைவிடப் பலமடங்கு முக்கியமானவை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அவ்விரண்டிலும் சற்று நின்று பேசுகிறேன்.

சதவீதம் வேறு, ஆற்றல் வேறு

வண்டியின் திரையில் தெரியும் சதவீதம் பொதுவாக மின்னூட்டத்தின் அளவைக் குறிக்கிறது. முழுதாக ஏற்றிய மின்கலம் 3 ஆம்பியர்-மணி தரும் என்றால், 1.5 ஆம்பியர்-மணி வெளியேறிய பின் 50 சதவீதம் என்று சொல்கிறோம். ஆனால் மோட்டாரைச் சுழற்றுவது ஆற்றல். அது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் காலத்தின்மீது கூட்டக் கிடைப்பது. மின்கலம் இறங்க இறங்க அதன் மின்னழுத்தமும் குறைவதால், ஒரே அளவு மின்னூட்டம் தொடக்கத்தில் தரும் ஆற்றலும் முடிவில் தரும் ஆற்றலும் ஒன்றாக இருப்பதில்லை. 0.3 ஆம்பியர்-மணி மின்னூட்டம் 4.1 வோல்ட்டில் வெளியேறினால் 1.23 வாட்-மணி கிடைக்கும், அதுவே 3.1 வோல்ட்டில் வெளியேறினால் 0.93 வாட்-மணிதான். ஏறத்தாழ கால்பங்கு குறைவு. கடைசிப் பத்து சதவீதம் முதல் பத்து சதவீதத்தைவிட வேகமாகத் தீர்ந்துபோவதாக ஓட்டுநர்கள் சொல்வதற்கு இது ஒரு நேரடியான காரணம்.

இன்னொரு காரணம் அகமின்தடை. ஒரு மின்கலத்தின் அகமின்தடை 30 மில்லியோம் என்று கொள்வோம். அதிலிருந்து 10 ஆம்பியர் எடுத்தால் 0.3 வோல்ட் உள்ளேயே இழக்கப்படுகிறது. 3 வாட் வெப்பமாகப் போகிறது. 3.6 வோல்ட்டில் 36 வாட் திறன் என்று வைத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு வீண். குளிரில் இந்த மின்தடை பலமடங்கு உயர்கிறது. அதனால் மின்னழுத்தம், அதற்கு மேல் இறக்கக் கூடாத கீழெல்லையை முன்னதாகவே தொட்டு, உள்ளே மின்னூட்டம் மிச்சமிருக்கும்போதே வாகனம் நின்றுவிடுகிறது. மின்னூட்டத்தை விரைவாக எடுத்தால் கிடைக்கும் அளவு குறைகிறது என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் பாய்கெர்ட் ஈய-அமில மின்கலங்களில் 1897இலேயே சமன்பாடாக எழுதிவைத்தார். லித்தியம் அயனி மின்கலத்தில் அச்சமன்பாடு அப்படியே பொருந்தாது என்றாலும், எஞ்சியது எவ்வளவு என்ற கேள்விக்கான விடை இனி எப்படி எடுக்கப்போகிறோம் என்பதையும் சார்ந்தது என்ற அடிப்படை உண்மை மாறவில்லை.

ஆகவே முதல் வேலையாக, எதை மதிப்பிடப் போகிறீர்கள் என்பதை ஒரு வாக்கியமாக எழுதிவையுங்கள். நான் பரிந்துரைக்கும் வாக்கியம் இது: ‘இப்போதுள்ள சூழல் வெப்பநிலையிலும் இப்போதுள்ள ஓட்டும் போக்கிலும் தொடர்ந்தால், மின்னழுத்தம் கீழெல்லையைத் தொடும்வரை இந்த மின்கலம் தரப்போகும் வாட்-மணி’. இது எழுதப்படாமல் தொடங்கும் வேலைகளில், பாதி வழியில் ஒருவர் மின்னூட்டச் சதவீதத்தையும் மற்றவர் ஆற்றலையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே வரைபடத்தைப் பார்த்து விவாதிக்கும் நிலை வரும்.

பழைய முறைகள் எங்கே தடுமாறுகின்றன

மின்னோட்டத்தை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே வரும் கூலும் எண்ணுமுறை எளியது, குறுகிய நேரத்துக்கு மிகத் துல்லியமானது. ஆனால் உணரியில் 10 மில்லியாம்பியர் நிலையான பிழை இருந்தால், பத்து மணி நேரத்தில் 0.1 ஆம்பியர்-மணி தவறாகச் சேர்ந்துவிடும். 3 ஆம்பியர்-மணி மின்கலத்தில் அது 3 சதவீதத்துக்கும் மேல். அத்துடன், எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பதும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்விலிருக்கும் மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கொண்டு அட்டவணையில் பார்ப்பது மற்றொரு முறை. நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகையில் மின்னழுத்தம் சீராகச் சரிவதால் இது ஓரளவு உதவும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையிலோ வளைகோட்டின் நடுப்பகுதி ஏறக்குறைய 3.3 வோல்ட்டில் தட்டையாகக் கிடக்கிறது. சில மில்லிவோல்ட் பிழையே பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட பிழையாக மாறிவிடலாம். மேலும் மின்னேற்றத்துக்குப் பின் ஓய்வெடுக்கும் மின்கலமும் மின்னிறக்கத்துக்குப் பின் ஓய்வெடுக்கும் மின்கலமும் ஒரே மின்னூட்ட அளவில் ஒரே மின்னழுத்தத்தைக் காட்டுவதில்லை. இவ்விரு முறைகளையும் இணைக்க, 1960இல் ருடால்ஃப் கால்மான் வகுத்த, கணிப்பையும் அளவீட்டையும் அவற்றின் நம்பகத்துக்கேற்ப எடைபோட்டுச் சேர்க்கும் வடிகட்டி பயன்படுகிறது. 2004இல் கிரெகரி பிளெட் அதன் விரிவாக்கப்பட்ட வடிவத்தை மின்கலங்களுக்குப் பொருத்திக் காட்டிய பிறகு அது துறையில் பரவலாக வேரூன்றியது. நல்ல முறைதான். ஆனால் மின்கலத்தை ஒரு மின்சுற்றாகக் குறிக்கும் சுற்று மாதிரியையும் அதன் அளவுருக்களையும் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் நாமே தேடித் தர வேண்டும். அந்தத் தொடர்பைத் தரவிலிருந்தே கற்கவைப்பதுதான் இயந்திரக் கற்றலின் பங்கு.

தரவைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்குபவருக்கு ஏற்ற தரவாக நான் கருதுவது, கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து பிலிப் கோல்மேயரும் உடன் ஆய்வாளர்களும் 2020இல் மெண்டலி தரவுக் களஞ்சியத்தில் வெளியிட்ட எல்ஜி 18650 எச்ஜி2 மின்கலத் தரவு. 3 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒற்றை மின்கலம் அது. பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஆகவே பெயரளவு ஆற்றல் 10.8 வாட்-மணி. அதை 40, 25, 10, 0, -10, -20 பாகை செல்சியஸ் ஆகிய ஆறு வெப்பநிலைகளில் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வாகனப் புகை, எரிபொருள் சோதனைகளுக்காக உருவான யு.டி.டி.எஸ்., எச்.டபிள்யூ.எஃப்.இ.டி., எல்.ஏ.92, யு.எஸ்.06 என்ற நான்கு ஓட்டச் சுழற்சிகளை (வண்டி நொடிக்கு நொடி ஓட வேண்டிய வேகத்தின் பட்டியல்களை) ஒரு சிறிய மின்காருக்கான திறன் தேவையாக மாற்றி, அதை ஒரு மின்கலத்தின் பங்காகச் சுருக்கி, அந்தச் சுமையை மின்கலத்தின்மீது ஏற்றியிருக்கிறார்கள். நான்கையும் கலந்து அடுக்கிய எட்டுக் கலவைச் சுழற்சிகளும் உள்ளன. சீரான மின்னோட்டத்தில் இறக்கிய சோதனைகளும் மிக மெதுவாக இறக்கிய சோதனையும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இத்தரவின் எல்லைகளையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அதன் உச்ச வெப்பநிலை 40 பாகை. சென்னையிலும் வேலூரிலும் மே மாதத்தில் காற்றின் வெப்பநிலையே அதைத் தாண்டும் நாள்கள் உண்டு. வெயிலில் நிறுத்திவைத்து உடனே ஓட்டப்படும் ஸ்கூட்டரின் மின்கலம் அதற்கும் மேலே போகும். அங்கே -20 பாகைத் தரவால் நமக்குப் பயனில்லை. 50 பாகைத் தரவோ இதில் இல்லை. மேலும் இது புதிய மின்கலம், ஒரே ஒரு மின்கலம், கார் ஓட்டச் சுழற்சி. முறையைக் கற்றுக்கொள்ள இது மிகச் சிறந்த தரவு. ஆனால் இதில் பயின்ற மாதிரியை அப்படியே தூக்கி ஓர் இருசக்கர வாகனத்தில் பொருத்துவது தவறு.

இலக்கு மதிப்பைக் கணக்கிடுதல்

ஒவ்வொரு கோப்பையும் பைதானின் பாண்டாஸ் தரவு நூலகத்தால் திறந்து, முதலில் வரைபடமாக்கிப் பாருங்கள். மின்னிறக்கத்தின்போது மின்னோட்டம் எதிர்க்குறியில் உள்ளதா, நேர்க்குறியில் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. நேர முத்திரைகளில் இடைவெளிகள் இருக்கலாம். ஒரே கோப்பில் ஓட்டச் சுழற்சிக்கு முன்னும் பின்னும் ஓய்வும் மின்னேற்றமும் சேர்ந்திருக்கலாம்; அவற்றைத் தனியே வெட்டி எடுக்க வேண்டும். சோதனைக் கருவி தானே கூட்டிவைத்த ஆம்பியர்-மணி எண்ணி நடுவில் சுழியமாக்கப்பட்டிருந்தால், அதை நம்பிக் கணக்கிட்ட இலக்கு முழுவதும் பிசகிவிடும். அதனால் கருவியின் எண்ணியைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆற்றலை நீங்களே கூட்டுவது நல்லது.

கூட்டும் முறை இது. ஒவ்வொரு பதிவிலும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கித் திறனைப் பெறுங்கள். அடுத்த பதிவுவரையுள்ள உண்மையான கால இடைவெளியால் பெருக்குங்கள். தொடர்ந்து கூட்டி 3600ஆல் வகுத்தால் அதுவரை வெளியேறிய வாட்-மணி கிடைக்கும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரிலிருந்து பேட்டரிக்குத் திரும்பும் ஆற்றலை அதன் குறியோடு அப்படியே கூட்டலில் விடுங்கள். சுழற்சியின் முடிவில் மொத்தம் வெளியேறிய ஆற்றலிலிருந்து அந்தந்த நொடிவரை வெளியேறியதைக் கழித்தால், எஞ்சிய ஆற்றல் கிடைக்கிறது. அதுவே மாதிரி கற்க வேண்டிய இலக்கு.

இங்கே வரிசை முக்கியம். ஓட்டச் சுழற்சிப் பதிவுகள் நொடிக்குப் பலமுறை எடுக்கப்பட்டவை. பயிற்சிக்கு நொடிக்கு ஒரு பதிவு போதும். ஆனால் ஆற்றலை முழுத் தரவிலும் கூட்டி முடித்த பிறகுதான் தரவைச் சுருக்க வேண்டும். முன்னதாகவே சுருக்கிவிட்டால், சராசரி மின்னழுத்தத்தையும் சராசரி மின்னோட்டத்தையும் பெருக்கிய எண்தான் கையில் இருக்கும். சுமை துள்ளிக் குதிக்கும் யு.எஸ்.06 போன்ற சுழற்சிகளில் அது சராசரித் திறனுக்குச் சமமாகாது.

அடுத்தது பலரும் கவனிக்காமல் விடும் இடம். கோப்பு முடிந்த நொடியில் மின்கலம் உண்மையிலேயே காலியா? சோதனை கீழெல்லை மின்னழுத்தத்தைத் தொட்டு நின்றதா, குறிப்பிட்ட அளவு மின்னூட்டம் வெளியேறியதும் நிறுத்தப்பட்டதா, வேறு காரணத்தால் பாதியில் நின்றதா என்று ஒவ்வொரு கோப்பின் கடைசி நிமிடங்களையும் பாருங்கள். கீழெல்லையைத் தொடாமல் நின்ற சோதனையில் எஞ்சிய ஆற்றலைச் சுழியம் என்று எழுதினால், மின்னழுத்தம் இன்னும் தாராளமாக இருக்கும் நிலையை ‘காலி’ என்று மாதிரிக்குக் கற்பிக்கிறீர்கள். அதே வெப்பநிலையில் செய்த சீரான மின்னிறக்கச் சோதனையைக் கொண்டு அந்த மீதியைத் தோராயமாகச் சேர்க்கலாம். அது முடியாதபோது அக்கோப்பைப் பயிற்சியிலிருந்து விலக்கிவிடுவதே நல்லது.

இலக்கைச் சதவீதமாக வைப்பதா, வாட்-மணியாகவே வைப்பதா? ஒவ்வொரு சோதனையின் மொத்த ஆற்றலாலும் வகுத்துச் சதவீதமாக்கினால், 25 பாகையிலும் -10 பாகையிலும் எல்லாச் சோதனையும் நூறில் தொடங்கிச் சுழியத்தில் முடியும். குளிரில் மொத்தமே குறைவு என்ற செய்தி அப்போது அழிந்துபோகிறது. ஆகவே வாட்-மணியாகவே வைத்து, எல்லாவற்றையும் 10.8 என்ற ஒரே மாறிலியால் மட்டும் வகுத்துச் சுருக்குங்கள்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தல்

இந்தத் துறையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழை என்று காட்டப்படும் முடிவுகளைப் பார்க்கும்போது, முதலில் தரவை எப்படிப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகக் கொட்டிக் குலுக்கி, எண்பது சதவீதத்தைப் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் எடுத்தால், சோதனைக்கு வந்த ஒவ்வொரு நொடிக்கும் முந்தைய நொடியும் பிந்தைய நொடியும் பயிற்சியில் இருக்கும். மாதிரி அப்போது எதையும் கற்க வேண்டியதில்லை. பக்கத்து நொடியின் விடையை நினைவிலிருந்து எடுத்துத் தந்தாலே போதும். அந்தச் சிறிய பிழைக்கு எந்தப் பொருளும் இல்லை.

முழுச் சோதனை ஓட்டங்களாகவே பிரியுங்கள். கலவைச் சுழற்சிகள் எட்டையும் பயிற்சிக்கு எடுத்து அவற்றில் ஒன்றைச் சரிபார்ப்புக்கு ஒதுக்கிவிட்டு, யு.டி.டி.எஸ்., எல்.ஏ.92, யு.எஸ்.06, எச்.டபிள்யூ.எஃப்.இ.டி. ஆகிய நான்கையும் சோதனைக்கு வைப்பது நல்ல தொடக்கம். அதற்குப் பின் கடுமையான சோதனை ஒன்றையும் கட்டாயம் செய்யுங்கள்: ஒரு வெப்பநிலையை, எடுத்துக்காட்டாக 10 பாகையை, பயிற்சியிலிருந்து முழுவதுமாக நீக்கிவிட்டு, அதில் மாதிரி எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். பிறகு ஓரத்தில் உள்ள 40 பாகையை நீக்கிப் பாருங்கள். முதலாவதில் பிழை சற்றே கூடும். இரண்டாவதில் கூடுதலாகும் பிழை, பயிற்சி காணாத வெயிலில் உங்கள் மாதிரி எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சொல்லும். உள்ளீடுகளைச் சீரமைக்கும் சராசரியையும் விலக்கத்தையும் பயிற்சித் தரவிலிருந்து மட்டுமே கணக்கிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உள்ளீடுகளும் மாதிரியும்

அந்தந்த நொடியின் மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை மட்டும் போதாது. சற்றுமுன் பெரிய சுமை இருந்ததா என்பதைப் பொறுத்து ஒரே மின்னழுத்தம் வேறு வேறு நிலைகளைக் குறிக்கும், ஏனெனில் சுமை நீங்கிய பிறகும் மின்கலத்துக்குள் அயனிகள் பரவிச் சமநிலைக்கு வர நேரம் பிடிக்கிறது. எனவே கடந்த ஒரு நிமிடத்தின் சராசரி மின்னழுத்தம், சராசரி மின்னோட்டம், கடந்த பத்து நிமிடங்களின் அதே சராசரிகள், ஒரு நிமிடத்தில் மின்னோட்டம் எவ்வளவு சிதறியது ஆகியவற்றைச் சேருங்கள். பத்து நிமிடச் சராசரி மின்னோட்டம் ஓட்டுநரின் போக்கையும் மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது.

முழு மின்னேற்றத்திலிருந்து இதுவரை வெளியேறிய ஆம்பியர்-மணியை உள்ளீடாகத் தர எல்லோருக்கும் ஆசை வரும். தராதீர்கள். ஆய்வகக் கருவியின் துல்லியமான எண்ணியைக் கொடுத்தால், மாதிரி அதையே நகலெடுத்து அழகான முடிவைத் தரும். வாகனத்தின் மலிவான உணரியில் அந்த எண் பிசகத் தொடங்கியதும் மாதிரியும் கூடவே பிசகும். ‘தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று’ என்ற உள்ளீடும் இதே வகைதான். கூலும் எண்ணியைப் பின்னர் வேறு இடத்தில் முறையாகச் சேர்க்கப் போகிறோம்.

மாதிரிகளை எளியதிலிருந்து தொடங்குங்கள். முதலில் நேரியல் ஒப்புப்போக்கு, அதாவது உள்ளீடுகளை எடையிட்டுக் கூட்டி விடை தரும் முறை. அது எவ்வளவு மோசம் என்று தெரிந்தால்தான் அடுத்ததன் மதிப்பு புரியும். பிறகு சைகிட்-லேர்ன் நூலகத்தில் உள்ள சரிவு ஏற்ற மரங்கள் (gradient boosting), அதாவது முந்தைய மரங்களின் பிழையை அடுத்தது திருத்தும் முடிவு மரங்களின் தொகுப்பு. மேற்சொன்ன சராசரிகளோடு இவை வியக்கத்தக்க அளவு நன்றாக வேலைசெய்யும், சில நிமிடங்களில் பயிற்சியும் முடியும். ஆனால் மரங்களுக்கு ஒரு குணம் உண்டு: பயிற்சியில் கண்ட எல்லைக்கு அப்பால் எதையும் நீட்டிச் சிந்திக்காது. 48 பாகை என்று கொடுத்தால் 40 பாகைக்கு உரிய விடையைத்தான் தரும். நரம்பியல் வலையமைப்பு எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு விடையை நீட்டித் தரும். அது சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இரண்டிலும் தீர்வு ஒன்றே. பயிற்சி எல்லைக்கு வெளியே வந்த உள்ளீட்டைக் கண்டறிந்து, மதிப்பீட்டின்மீது நம்பிக்கை குறைவு என்று முறைமைக்குத் தெரிவிக்கும் ஒரு சிறு சரிபார்ப்பை முன்னால் வையுங்கள்.

அடுத்த படி, காலத் தொடரை நேரடியாகப் படிக்கும் மீள்சுழல் வலையமைப்பு. ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் 1997இல் முன்வைத்த எல்எஸ்டிஎம் வகை இதில் புகழ்பெற்றது. அதைவிடச் சிறிய ஜிஆர்யு வகையும் போதும். மூன்று உள்ளீடுகள், 32 உள்ளலகுகள், ஓர் அடுக்கு, முடிவில் ஒரு வெளியீடு என்று பைடார்ச் நூலகத்தில் அமைத்தால் மொத்தம் சுமார் 3,600 எண்கள்தான். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் 15 கிலோபைட்டுக்குள் அடங்கும். வாகனத்தின் பேட்டரி மேலாண்மைப் பலகையில் உள்ள சாதாரண நுண்கட்டுப்படுத்தியிலேயே இது ஓடும். இதைவிடப் பத்து மடங்கு பெரிய வலையமைப்பைப் போடத் தோன்றும்போது, முதலில் தரவைப் பெருக்க வழியுண்டா என்று பாருங்கள்.

மீள்சுழல் வலையமைப்பில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. எல்லாப் பயிற்சித் தொடர்களும் முழு மின்னேற்றத்திலிருந்தே தொடங்கினால், வலையமைப்பு மின்னழுத்தத்தைப் படிக்கக் கற்காமல், தொடக்கத்திலிருந்து மின்னோட்டத்தைக் கூட்டிவரக் கற்றுக்கொள்ளும். ஆய்வகத் தரவில் முடிவு மிக நன்றாக இருக்கும். வாகனத்தில் ஒருவர் 40 சதவீதத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் திறக்கும்போது, அது நிறைந்த பேட்டரி என்று நினைத்துத் தொடங்கும். ஆகவே ஒவ்வோர் ஓட்டத்திலிருந்தும் தற்செயலான இடங்களில் தொடங்கும் பத்து நிமிடத் துண்டுகளை, அதாவது 600 நொடிப் பதிவுகளை, வெட்டிப் பயிற்சிக்குத் தாருங்கள். துண்டின் முதல் ஒன்றிரண்டு நிமிட விடைகளை இழப்புக் கணக்கில், அதாவது பயிற்சியில் குறைக்கப்படும் பிழையளவில், சேர்க்காமல் விட்டால், வலையமைப்பு நிதானித்து நிலைமையை உணர இடம் கிடைக்கும்.

பயிற்சியின்போது உணரிப் பிழையையும் வேண்டுமென்றே சேருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தற்செயலாக ஒரு நிலையான மின்னோட்டப் பிழை, ஓரிரு சதவீத அளவுகோல் பிழை, சில மில்லிவோல்ட் மின்னழுத்தப் பிழை, இரண்டு மூன்று பாகை வெப்பநிலைப் பிழை என்று ஏற்றினால், ஆய்வகத்தில் சோதனைப் பிழை சற்றே கூடும். வாகனத்தில் அது பெரிதும் குறையும். இந்தப் பேரத்துக்கு நான் எப்போதும் உடன்படுவேன். பிழைகளின் அளவை, நீங்கள் பயன்படுத்தப் போகும் உணரியின் விவரத்தாளிலிருந்து எடுங்கள்.

பிழையை அளக்கும் விதம்

ஒரே ஒரு சராசரிப் பிழையைச் சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது. வெப்பநிலை வாரியாகவும் சுழற்சி வாரியாகவும் சராசரிப் பிழையையும் உச்சப் பிழையையும் தனித்தனியே எழுதுங்கள். எஞ்சிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போன பிறகு ஏற்படும் பிழையைத் தனி வரிசையாக வையுங்கள், ஏனென்றால் ஓட்டுநர் திரையைக் கூர்ந்து பார்ப்பது அப்போதுதான். கூலும் எண்ணுமுறையையும் அதே உணரிப் பிழையோடு அதே சோதனையில் ஓட்டி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதை உங்கள் மாதிரி வெல்லவில்லை என்றால் மாதிரிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பிழையின் திசைக்கும் எடை உண்டு. இருப்பதைவிடக் குறைவாகச் சொன்னால் ஓட்டுநர் முன்னதாகவே மின்னேற்ற நிலையத்தைத் தேடுவார். கூடுதலாகச் சொன்னால் இரவில் நெடுஞ்சாலையில் வண்டியோடு நிற்பார். ஒரே மாதிரியில் இரண்டு வெளியீடுகளை வைத்து, ஒன்றை நடுமதிப்புக்கும் மற்றொன்றை, உண்மை மதிப்பு அதற்குக் கீழே போக நூறில் பத்து வாய்ப்பு மட்டுமே உள்ள கீழ்மதிப்புக்கும் பயிற்றுவிக்கலாம். குவாண்டைல் இழப்பு என்று அழைக்கப்படும் இழப்புச் சார்பு இதற்கென்றே உள்ளது. சரிபார்ப்புத் தரவில் உண்மையிலேயே பத்து சதவீத நொடிகளில் மட்டும் அந்தக் கீழ்மதிப்பு மீறப்படுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கையும் எஞ்சிய தூரத்தையும் கீழ்மதிப்பைக் கொண்டே காட்டுவது ஓட்டுநருக்குச் செய்யும் நியாயம்.

மின்கலத்திலிருந்து வாகனத்துக்கு

இதுவரை பேசியது ஒரு மின்கலம். ஒரு ஸ்கூட்டரின் பேட்டரியில் இதே வகை மின்கலங்கள் 14 தொடராகவும் 20 இணையாகவும் இருந்தால் 280 மின்கலங்கள், பெயரளவில் 50.4 வோல்ட், 3,024 வாட்-மணி. ஒரு மின்கலத்தின் மதிப்பீட்டை 280ஆல் பெருக்கினால் வாகனத்தின் ஆற்றல் கிடைத்துவிடாது. தொடரில் உள்ள 14 குழுக்களில் மிக நலிந்தது கீழெல்லையைத் தொட்டதும் மேலாண்மைப் பலகை முழு பேட்டரியையும் துண்டித்துவிடும்; மற்ற பதின்மூன்றில் மிச்சமிருப்பது அப்போது பயன்படாது. எனவே மாதிரிக்குச் சராசரி மின்னழுத்தத்தைக் கொடுப்பதைவிட, மிகக் குறைந்த குழு மின்னழுத்தத்தையும் அந்தக் குழுவின் வெப்பநிலையையும் கொடுத்து, அதன் விடையைக் கொண்டே பேட்டரியின் எஞ்சிய ஆற்றலைக் கணக்கிடுங்கள்.

கூலும் எண்ணியைச் சேர்க்க வேண்டிய இடம் இதுதான். நொடிக்கு நொடி மாற்றத்தை எண்ணியிடம் விட்டுவிட்டு, மாதிரியின் விடையை நோக்கி அதை மிக மெதுவாக இழுத்துவாருங்கள். ஒவ்வொரு நொடியும் இரண்டுக்கும் இடையேயான வேறுபாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் திருத்தினால், ஏறத்தாழ 17 நிமிடங்களில் வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்துவிடும். சிவப்பு விளக்கில் நின்றதும் திரையில் எண் ஏறுவதும், புறப்பட்டதும் இறங்குவதுமான ஊசலாட்டம் இதனால் மறையும். விருப்பமுள்ளவர்கள் மாதிரியின் விடையையே கால்மான் வடிகட்டிக்கு ஓர் அளவீடாகத் தரலாம். மின்னழுத்தக் கீழெல்லை, அதிவெப்பத் துண்டிப்பு போன்ற பாதுகாப்பு முடிவுகளை மட்டும் ஒருபோதும் இந்த மதிப்பீட்டின் பொறுப்பில் விடக் கூடாது. அவை நேரடி அளவீட்டைக் கொண்டு வன்பொருளிலேயே நடக்க வேண்டும்.

தூரத்தை இதே மாதிரியால் கணிக்க முயல வேண்டாம். எஞ்சிய வாட்-மணியை, அந்த ஓட்டுநர் அண்மையில் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிட்ட வாட்-மணியால் வகுத்தால் போதும். 900 வாட்-மணி மிச்சம், கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி செலவு என்றால் 30 கிலோமீட்டர். பேட்டரியின் பிழையும் பாதையின் பிழையும் இப்படித் தனித்தனியாக நின்றால்தான் எது தவறியது என்று பின்னால் கண்டறிய முடியும்.

முதுமையைச் சமாளித்தல்

மின்கலம் பழசாகும்போது கொள்ளளவு குறைகிறது, அகமின்தடை கூடுகிறது. புதிய மின்கலத்தில் பயின்ற மாதிரி மெல்ல மெல்லக் கூடுதலாகவே சொல்லத் தொடங்கும். முதுமையைக் கற்க வேறு தரவுகள் தேவை. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் வெளியிட்ட தரவில் 2 ஆம்பியர்-மணி மின்கலங்களை 1.4 ஆம்பியர்-மணியை எட்டும்வரை ஓட்டித் தேய்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், எம்ஐடி, டொயோட்டா ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட தரவில் 124 லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலங்கள் உள்ளன. ஒரே தயாரிப்பான அவற்றின் ஆயுள், விரைவு மின்னேற்ற முறையைப் பொறுத்து 150 சுழற்சியிலிருந்து 2,300 சுழற்சிவரை விரிந்து கிடக்கிறது.

முதுமை அளவை மதிப்பிட மின்னேற்ற நேரத்தைப் பயன்படுத்துங்கள். ஓட்டும்போது சுமை கணந்தோறும் மாறுகிறது. மின்னேற்றியோ பெரும்பகுதி நேரம் ஒரே மின்னோட்டத்தைத் தருகிறது. குறிப்பிட்ட இரு மின்னழுத்தங்களுக்கு இடையே எத்தனை ஆம்பியர்-மணி உள்ளே சென்றது, மின்னேற்றம் தொடங்கிய நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு தாவியது ஆகிய இரண்டையும் குறித்துவைத்தால், முன்னது கொள்ளளவின் தேய்வையும் பின்னது மின்தடையின் உயர்வையும் காட்டும். ஒப்பிடும் மின்னேற்றங்கள் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் நடந்தவையாக இருக்க வேண்டும். இவ்விரு எண்களையும் மெதுவாக மாறும் கூடுதல் உள்ளீடுகளாக மாதிரிக்குத் தந்து, பல வயது மின்கலங்களின் தரவோடு மீண்டும் பயிற்றுவியுங்கள். வாகனங்கள் களத்துக்குச் சென்ற பின், யாரேனும் பேட்டரியை ஏறக்குறைய முழுவதும் தீர்த்துவிட்டு முழுதாக ஏற்றும் ஒவ்வொரு முறையும் உண்மை ஆற்றல் எவ்வளவு என்ற விடை இலவசமாகக் கிடைக்கிறது. அந்த ஓட்டத்தின் பதிவையும், அப்போது மாதிரி சொன்ன எண்களையும், மின்கல வெப்பநிலையையும் சேர்த்துச் சேமித்துவையுங்கள். அடுத்த பயிற்சியையும் அடுத்த சோதனையையும் அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.